பரண் ஏறிய நிர்வாகம்

மனிதன் மரத்திலிருந்து இறங்கியது நாகரிகத்தின் முதல் படி. மறுபடி ஏறியதுதான் கடைசிப் படி. அந்தக் கடைசிப் படியை, பாதுகாப்பு பெல்ட், பயணப்படி, ஃபிளாஸ்க்கில் டீ ஆகியவற்றோடு இந்தத் தேசத்தில் முதன்முதலாக எடுத்து வைத்தது யார் என்று வருங்காலம் கேட்கும்போது, தில்லி தலை குனியும். சென்னை வாய் மூடும். அந்தமான் மட்டும் எழுந்து நிற்கும். போர்ட் பிளேயரில், மரைன் ஹில்லில், கடலைப் பார்த்த ஒரு வாடகை மாடியில் இயங்கும் 'அயல் கொம்பினக் கட்டுப்பாட்டு முனைப்பகம்' எழுந்து நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளும்.

முழுப் பெயரைச் சொல்லி யாரும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. 'ஹிரன் ஆபீஸ்' என்றால்தான் ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்புவார். ஹிரன் என்றால் இந்தியில் மான்.

இந்த மான்கள் தீவின் சொந்தப் பிள்ளைகள் அல்ல. வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோகாமல் சுட்டு விளையாடக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவை. துரைமார் திரும்பிப் போனார்கள்; மான்கள் டிக்கெட் கேட்கவில்லை. இங்கே புலி இல்லை, சிறுத்தை இல்லை. ஆகவே கவலையும் இல்லை. நெல், வெண்டை, பயற்றங்காய், வாழைக்கன்று, காட்டில் தானாக முளைக்கும் நாற்று என்று எல்லாவற்றையும் தின்றன. பெங்காலி வயல், தெலுங்கு வயல், தமிழ் வயல் என்ற பேதமே பார்க்கவில்லை. கடைசியில் எல்லா மொழிக்காரர்களும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். தீவில் அப்படியொரு ஒற்றுமையை மான்தான் கொண்டுவந்தது. அந்த மனுவின் பேரில், 'பயிர்களிலிருந்து மானை விரட்டும் பொருட்டு' முனைப்பகம் பிறந்தது.

அதன் இயக்குநராக மெயின்லேண்டிலிருந்து திரு. சிவபிரகாஷ் வந்தார். மரத்தடியில் உட்கார்ந்து ஞானம் பெற்றவர்களை உலகம் அறியும். சிவபிரகாஷ் மரத்தின் மேல் உட்கார்ந்து பெற்றவர். அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, மகனின் மாமனார் அவரை ஒரு பரணில் ஏற்றி, கையில் வில்லைக் கொடுத்து உட்காரவைத்தார். நாள் முழுக்க ஒரு மானும் வரவில்லை. உடம்பு விறைத்தது, மனம் நிறைந்தது. எதுவுமே நடக்காத ஒரு நாளை இத்தனை கம்பீரமாகக் கழிக்கலாம் என்பது இவ்வளவு கால அரசுப் பணியிலும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

திரும்பி வரும்போது கப்பி வைத்த வில் ஒன்று, இலை அச்சடித்த உடுப்பு ஒன்று, கொள்கை ஒன்று ஆகியவற்றைக் கொண்டுவந்தார். கூடவே பெங்களூரிலிருந்து ஸ்ரீதர் என்ற 'வேட்டை நெறி ஆலோசக'ரையும் வரவழைத்தார். மானை எய்ய அனுமதி இருந்ததா என்று சில குறுகிய மனம் படைத்தவர்கள் கேட்கிறார்கள். இருந்தது. 'சிறப்பு அனுமதி'. யாரும் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்குச் சிறப்பு.

விஜயகுமாரி அந்த ஆபீசில் 'மொழி மற்றும் களத் தொடர்பு உதவியாளர்'. ஒப்பந்த வேலை. முனைப்பகம் ஆங்கிலத்தில் நினைப்பதை அவள் தமிழிலும் இந்தியிலும் எழுத வேண்டும். எழுதியதை வயல்வெளிக்குப் போய்ப் படித்துக் காட்டவும் வேண்டும். அவளுடைய பாட்டன் பூட்டன்கள் இலங்கை மலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினார்கள். அப்பாவும் அம்மாவும் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு வண்டூர் பக்கம் வந்து ஒதுங்கினார்கள். அந்த வம்சத்தில் முதல் டிகிரி இவளுடையது. விலங்கியல். மனதில் பட்டதைப் பட்ட இடத்திலேயே சொல்லிவிடும் ஒரு வியாதி அவளுக்கு உண்டு. மூன்று வருடப் படிப்பில் கல்லூரி அதைக் குணப்படுத்தவில்லை.

முதல் கூட்டத்திலேயே வியாதி முற்றியது.

"சார், கிடாவைக் கொன்னு பிரயோஜனம் இல்ல. பெட்டையைக் குறைச்சாத்தான் குட்டி குறையும். கூட்டத்துக்கு ஒரு கிடா மிஞ்சினாலே அடுத்த வருஷம் பழையபடி ஆயிடும்."

ஸ்ரீதர் கண்ணை மூடித் திறந்தார். "மேடம், பெண்ணையும் குட்டியையும் எய்றது வேட்டை இல்ல. கசாப்பு. மெச்சூர் பக். வயசு முத்தி, கொம்பு முத்தி, புத்தி முத்தின கிடா. அது ஒண்ணுதான் எத்திக்கல் டார்கெட்."

"பயிரை எல்லா மானும்தானே திங்குது?"

"திங்கிறது வேற, தகுதி வேற," என்றார் சிவபிரகாஷ் கருணையோடு. "சாகிறதுக்கும் ஒரு எலிஜிபிலிட்டி வேணும்மா."

கூட்டக் குறிப்பில், 'பெண்ணினத்தின் பாதுகாப்பைக் கருதி உதவியாளரின் ஆலோசனை நிராகரிக்கப்பட்டது' என்று பதிவானது. மாதர் முன்னேற்றத்துக்கு முனைப்பகம் ஆற்றிய தொண்டு அதோடு நிற்கவில்லை. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்யும் வாய்ப்பையும் அவளுக்கே கொடுத்தார்கள்.

அடுத்ததாக, வண்டூருக்குப் பின்னால் இருக்கும் அரசுக் காட்டில் பரண்கள் எழுந்தன. படாக் மரங்களில் இரும்பு இருக்கை, இரும்பு ஏணி, ஆள் விழாமல் இருக்க இடுப்பிலும் தொடையிலும் பட்டி. பரண்களைக் கட்டியவர் காத்தமுத்து. ராமநாதபுரத்துக்காரர், தினக்கூலிக் காவலர், மரம் ஏறுவதற்கும், ஏறிய அதிகாரிகளை இறக்குவதற்கும் அவர்தான்.

"மறைஞ்சிருக்கிற உடுப்புன்னு சொன்னாங்க தங்கச்சி," என்றார் ஒருநாள் விஜயகுமாரியிடம். "சாரோட சட்டையப் பாரு. பூராவும் காஞ்ச இலை. இங்க வருஷம் பூரா மழை. காடு பச்சப்பசேல்னு கெடக்கு. இந்தக் காட்டுலயே காஞ்சு போயிருக்கிறது அவரு ஒருத்தருதான்."

"அது மிச்சிகன் காட்டு இலைண்ணே. அங்க இலையுதிர் காலம்."

"இந்த மானு அங்க போனா ஏமாந்துரும், இல்ல?"

உடுப்போடு சின்னச் சின்னப் புட்டிகளும் வந்திருந்தன. அமெரிக்கப் பெட்டை மானின் மூத்திரம். கிடாவை மயக்கிப் பரணடிக்கு இழுக்குமாம். கோப்பில் அதற்கு 'திரவ ஈர்ப்புப் பொருள்' என்று பெயர். அமெரிக்க மான் வேறு சாதி, நம்முடைய புள்ளிமான் வேறு சாதி என்று விஜயகுமாரி எழுதிய குறிப்பின் ஓரத்தில் இயக்குநர் தன் கைப்பட எழுதினார்: 'காதலுக்கு எல்லை இல்லை.' புட்டிகளைப் பரணடியில் தெளித்தார்கள். கிடா ஒன்று வந்து முகர்ந்து பார்த்து, ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போயிற்று. 'முதற்கட்ட எதிர்வினை ஊக்கமளிக்கிறது' என்று அறிக்கை போயிற்று.

பிறகு ஸ்ரீதர் ஒரு பயிலரங்கு நடத்தினார். தலைப்பு: 'அழுத்தத்துக்கு உட்பட்ட பொது நிலத்தில் முதிர்ந்த கிடா.'

"பிரைவேட் லேண்ட்ல இருக்கிற மான் வெகுளி. பப்ளிக் லேண்ட்ல ஆள் நடமாட்டம் ஜாஸ்தி. அந்தப் பிரஷர்லயே வளர்ந்த மான் உஷாரா ஆயிடும். ஆளைக் கண்டா அந்தப் பக்கமே வராது. இங்க இருக்கிற பிரஷர் எவ்வளவுன்னு முதல்ல நாம அளக்கணும்."

அளந்தார்கள். அளப்பதற்கு ஒரு குழு காட்டுக்குள் போனது. அந்தக் குழு சரியாக அளந்ததா என்று பார்க்க இன்னொரு குழு போனது. பரணின் உறுதியைப் பார்வையிட இன்ஜினியர்கள், பார்வையிட்டவர்களைப் பார்வையிட தணிக்கைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் குடும்பம், பிரியாணி அண்டா. ஸ்ரீதர் சொன்ன சொல் பொய்க்கவில்லை. அழுத்தம் கடுமையாக இருந்தது. உஷாரான மான்கள் அத்தனையும் காட்டைக் காலி செய்துகொண்டு வெளியேறின.

வெளியேறி எங்கே போகும்? காட்டை ஒட்டி ஒரு பயற்றங்காய்த் தோட்டம் இருந்தது. விஜயகுமாரியின் அம்மா ரெங்கம்மாவின் தோட்டம்.

சொந்தப் பட்டா கிடையாது. அரசு நிலம். வருடா வருடம் சாகுபடி அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு, கம்பு நட்டுக் கொடி ஏற்றிப் பிழைக்கிறாள். வண்டூர் மீனவர்கள் கழித்துப் போட்ட வலைகளைச் சேர்த்துத் தைத்து வேலி போட்டிருந்தாள். ஜானி என்று ஒரு நாய். போதாததற்கு ஒரு எண்ணெய்த் தகரம். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் அதைத் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவாள். இந்த ஏற்பாட்டில் மான் உள்ளே வந்தது அபூர்வம். ஆனால் இதில் 'நெறி' என்பது மருந்துக்கும் இல்லை என்பதை முனைப்பகம் கண்டுபிடித்தது.

முதல் நோட்டீஸை விஜயகுமாரியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ரெங்கம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டாள்.

"'மேற்படி வலையில் முதிர்ந்த ஆண் மானின் கொம்பு சிக்கி, அதன் அளவும் அழகும் குன்ற வாய்ப்பிருப்பதால், வேலியை உடனடியாக அகற்ற...'"

"யாரு அழகு?"

"மானோட அழகு."

"எம் பயித்தங்காயோட அழகு?"

"அத விவசாய டிபார்ட்மென்ட்ல கேக்கணுமாம்."

வேலி போயிற்று. அடுத்த நோட்டீஸ் ஜானிக்கு. நாயை ஏவி மானை விரட்டுவது 'நியாய வேட்டை' நெறிக்கு விரோதம்; ஆகவே நாயைக் கட்டிப்போட வேண்டும்.

"அவன் எங்க புள்ள வேட்டையாடுனான்? கொலைக்கத்தானே செய்றான்."

"கொலைச்சா மானுக்கு மனசு சங்கடப்படுமாம்."

"எனக்குச் சங்கடப்பட்டா?"

"நீ அயல் கொம்பினம் இல்லியேம்மா."

மூன்றாவது நோட்டீஸ் 'மௌன வேளை'. விடிகாலையிலும் அந்தியிலும் காட்டோர நிலங்களில் தகரம் தட்டுவதும், கூவுவதும், உரக்கப் பேசுவதும் தடை செய்யப்பட்டன.

ரெங்கம்மா எண்ணெய்த் தகரத்தை மூலையில் தள்ளினாள். "விடிய முந்தியும் பொழுது பட்டாப்புறமுந்தானே மானு வரும்?"

"அதனாலதான் அந்த நேரத்துல சத்தம் போடக் கூடாதாம்."

"இதையெல்லாம் எழுதுனது நீதானா?"

"அவங்க இங்கிலீஷ்ல எழுதினாங்க. தமிழ்ல நான்."

"தமிழு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ரெங்கம்மா. "ஒன்னைப் படிக்க வச்சது வீண் போகல."

அன்று ராத்திரிச் சாப்பாட்டை விஜயகுமாரி பாதியில் தள்ளி வைத்தாள். ஆனால் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது; புதுப்பிக்கும் கையெழுத்து சிவபிரகாஷுடையது. முதல் பட்டதாரி என்றால் வீட்டில் மூன்று பேர் அவள் சம்பளத்தை நம்பித்தான் மூச்சு விடுகிறார்கள் என்று பொருள். கோபத்தைத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினாள். அது அங்கேயே இருந்தது.

வேலி இல்லை, நாய் இல்லை, சத்தம் இல்லை. சொர்க்கம் என்பதற்கு மான்களின் மொழியில் இதுதான் விளக்கமாக இருக்க வேண்டும். பெட்டைகளும் குட்டிகளும் வரிசையாக வந்தன. முன்னால் ஒரு பெரிய கிடா. கொம்பு கிளை கிளையாகப் பிரிந்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் மேற்பார்வை மட்டும் பார்க்கும்.

"கங்காணி வாறாரு," என்பாள் ரெங்கம்மா. "பொம்பளையாளுகளப் பின்னால வுட்டு முன்னால நடக்கிறதப் பாரு. எங்க தாத்தா காலத்துக் கங்காணி அப்புடியே இந்த நடைதானாம்."

கங்காணி மானைப் பற்றிய செய்தி மரைன் ஹில்லை எட்டியது. மறுநாளே பரண் ஒன்று ரெங்கம்மாவின் தோட்டத்தைப் பார்த்த மரத்துக்கு இடம் மாறியது. இயக்குநரும் ஆலோசகரும் மத்தியானமே ஏறி உட்கார்ந்தார்கள். தீவில் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வானம் மஞ்சளாகும் நேரத்தில் கங்காணி தன் படையோடு வந்து, பரணுக்கு நேர் கீழே, கொடிப் பந்தலில் வாயை வைத்தது. கல்லெறி தூரம்கூட இல்லை. பச்சைக் காயைக் கடிக்கும் சத்தம் மேலே கேட்டது.

சிவபிரகாஷ் வில்லை இழுத்தார். மிச்சிகனில் வராத மான்; வாழ்நாள் பூராவும் காத்திருந்த மான். 

"சார்," ஸ்ரீதர் காதில் ஓதினார். "அது சாப்பிடுது."

"தெரியுது."

"பயிரைச் சாப்பிடுது சார். வச்ச தீனியைத் திங்கிற மானை எய்தா அது பெய்ட்டிங். இரை வச்சு ஏமாத்துறது. பப்ளிக் லேண்ட்ல பெரிய அஃபென்ஸ். வெளியில தெரிஞ்சா நம்ம பேரு போயிடும்."

சிவபிரகாஷ் இழுத்த வில்லைத் தளர்த்தினார். கங்காணி அடுத்த காயைக் கடித்தது. மறுபடி இழுத்தார். மறுபடி தளர்த்தினார். கீழே, வரப்பில் நின்ற ரெங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மௌன வேளை என்பதால் கிசுகிசுவென்று கேட்டாள்:

"என்னா தொர யோசிக்கிறீக? கிட்டத்துலதானே நிக்கிது. ஏலாட்டி சொல்லுங்க, நான் வேணுன்னா புடிச்சுக்கிறேன்."

அந்த அந்தியில், நெறி வென்றது. மானும் வென்றது. தோற்றது ஒரு பந்தல்.

அவசரக் கூட்டம் கூடியது. குற்றவாளி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ரெங்கம்மா, க/பெ இன்னார், பொது நிலத்தில் பயற்றங்காய் என்னும் 'இரை'யை வைத்து முதிர்ந்த ஆண் மானை ஈர்த்திருக்கிறாள். மேற்படி இரையை வேரோடு அகற்ற வேண்டும். இரை வைத்தவர் என்ற முறையில் அவளுடைய சாகுபடி அனுமதியையும் ரத்து செய்யலாம். இரை போனபின் மான் நெறிப்படி எய்யப்படும்.

"சார், அது எங்கம்மா," என்றாள் விஜயகுமாரி.

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட நாகரிகமா சொல்றேன்."

"மூத்திரத்தை ஊத்திக் கூப்பிடலாம், பயித்தங்காய் போட்டா குத்தமா?"

ஸ்ரீதர் பொறுமையாக விளக்கினார். "அது வாசனை மேடம். இது உணவு. ரெண்டுக்கும் எத்திக்கலா நிறைய டிஃபரன்ஸ் இருக்கு."

"வேலியைப் பிரிச்சது நாம. நாயைக் கட்டச் சொன்னது நாம. தகரத்தை நிறுத்தினது நாம. அப்புறம் அந்தப் பயிரை இரையா ஆக்கினது யாரு?"

 சிவபிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விஜயகுமாரி, உன் ரின்யூவல் ஃபைலும் இதே மேஜையிலதான் இருக்கு. ஆர்டரை ரெடி பண்ணு. ரூல்படி ஸ்தலத்துல போய், சாகுபடியாளர் முன்னாடி படிச்சுக் காட்டணும். படிச்சு முடிச்ச உடனே ஆளுங்க கொடியைப் பிடுங்கட்டும். நான் பரண்ல தயாரா இருப்பேன். தீனி போயிட்டா, அந்த நிமிஷமே அது எத்திக்கல் மான்."

"சாயங்காலம் மௌன வேளையாச்சே சார். ரூல்ல 'உரத்த குரலில் படித்து' அப்படின்னு இருக்கு."

சிவபிரகாஷ் ஒரு கணம் யோசித்தார். நிர்வாகத்தில் தீராத சிக்கல் என்று ஒன்று கிடையாது.

"மனசுக்குள்ள உரக்கப் படி."

அன்று சாயங்காலம் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். பரணில் காய்ந்த இலைகளாக இயக்குநரும் ஆலோசகரும். மேட்டில், ஆபீஸ் ஜீப்புக்குப் பக்கத்தில், காத்தமுத்துவும் அரிவாள் பிடித்த இரண்டு கூலியாட்களும். பந்தலுக்குள் கங்காணியும் அவர் பெண்டு பிள்ளைகளும். வரப்பின் இந்த முனையில் கையில் தாளோடு விஜயகுமாரி. அந்த முனையில், இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, ரெங்கம்மா.

விஜயகுமாரி உதட்டை மட்டும் அசைத்துப் படித்தாள்.

ரெங்கம்மா காதில் கையை வைத்தாள். "கேக்கல புள்ள."

காத்தமுத்து பதறி உதட்டில் விரலை வைத்தார். விஜயகுமாரி கொஞ்சம் குரல் கொடுத்தாள். "'...மேற்படி சாகுபடியாளர், பொது நிலத்தில்...'"

"ஒண்ணும் வெளங்கல. எந்தோட்டத்தப் புடுங்கப் போறீக. எங்காதுல வுழுவுற மாதிரியாவது சொல்லிட்டுப் புடுங்குங்க."

விஜயகுமாரி அம்மாவைப் பார்த்தாள். அவள் காது கேட்காதவள் அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் வாழைக்குலை ஒடிந்தால் வீட்டுக்குள்ளிருந்தே சொல்லிவிடுவாள். தாளைப் பார்த்தாள். அவளே எழுதிய தமிழ். ஒற்றுப் பிழைகூட இல்லை. பரணைப் பார்த்தாள். மேலேயிருந்து ஒரு கை, 'அமுக்கு, அமுக்கு' என்று சைகை காட்டியது.

இத்தனை மாதமாகத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பியதெல்லாம் அப்போது ஒன்றாக மேலே வந்தது.

"'அயல் கொம்பினக் கட்டுப்பாட்டு முனைப்பகம்!'" என்று அவள் ஆரம்பித்தாள். வண்டூர் படகுத்துறை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். "'பொது நிலத்தில்! மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும்! மேற்படி பயிரானது! நெறிக்கு முரணான இரை என்று! இதனால் அறிவிக்கப்படுவதாவது!'"

கங்காணி தலையைத் தூக்கியது. அரசாணையை அது இதற்கு முன் கேட்டதில்லை. 'இதனால் அறிவிக்கப்படுவதாவது' என்ற இடத்தில் ஒரே தாவல். பெட்டைகள் பின்னால், குட்டிகள் பின்னால். கொடியை மிதித்து, வரப்பைத் தாண்டி, ஜீப்பைச் சுற்றிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தன.

பரணில் சிவபிரகாஷ் திடுக்கிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் நழுவியது, கை தளர்ந்தது. முனைப்பகத்தின் வரலாற்றில் எய்யப்பட்ட முதல் அம்பு காற்றைக் கிழித்துப் போய், ஆபீஸ் ஜீப்பின் பின் டயரில் நெறிப்படி இறங்கியது. டயர் மேய்ந்துகொண்டிருக்கவில்லை. இயக்குநர் இடுப்புப் பட்டியில் தலைகீழாக, பழந்தின்னி வௌவால் மாதிரித் தொங்கினார்.

விஜயகுமாரி நிறுத்தவில்லை. தமிழ் முடிந்ததும் இந்தியில் ஆரம்பித்தாள். ரூல்படி இரண்டு மொழி. "'தமாம் கிஸானோங்கோ சூசித் கியா ஜாதா ஹை!'"

"புள்ள, அங்க தொர தொங்குறாரு," என்றாள் ரெங்கம்மா.

"கையெழுத்து வரைக்கும் படிச்சாகணும்மா."

காத்தமுத்து மரம் ஏறி இயக்குநரை இறக்கினார். கீழே வந்ததும் சிவபிரகாஷ் மூச்சு வாங்க உத்தரவிட்டார்: "பிடுங்குங்க! கொடியைப் பிடுங்குங்க!"

கூலியாட்கள் அரிவாளைத் தூக்கினார்கள். விஜயகுமாரி பந்தலுக்குக் குறுக்கே நின்று தாளை நீட்டினாள்.

"'மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும் பயிர்'னு இருக்கு சார். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எந்த மான் மேயுது? ஒண்ணு காட்டுங்க. மானே வராத தீனி எப்படி இரையாகும்? நெறிப்படி இது இப்ப வெறும் பயித்தங்காய்."

சிவபிரகாஷ் ஸ்ரீதரைப் பார்த்தார். ஸ்ரீதர், பாவம், நெறி தவறாத மனிதர். "டெக்னிக்கலா, மேடம் சொல்றது சரி சார்," என்றார். கூலியாட்கள் தூக்கிய அரிவாளைத் தாழ்த்தினார்கள். அம்பு தைத்த டயரைக் கழற்ற அவர்களைக் கூட்டிப்போனார் காத்தமுத்து. போகிற போக்கில் அவள் பக்கம் குனிந்து, "நாளைக்கும் படிப்பியா தங்கச்சி? எம் மச்சான் வயல்லயும் தொல்ல தாங்கல," என்றார்.

அவள் மறுநாளும் படித்தாள். அதற்கு மறுநாளும் படித்தாள். உத்தரவு ரத்தாகாத வரை அதைப் படிப்பது அவள் கடமை. உரத்த குரலில் படிக்கச் சொல்லி விதி இருந்தது. ஆபீஸ் உத்தரவை ஆபீஸ் ஊழியர் படிக்கக் கூடாது என்று விதி இல்லை. காலையும் மாலையும் கங்காணி காட்டோரம் வந்து எட்டிப் பார்க்கும். 'முனைப்பகம்' என்ற சொல் காதில் விழுந்ததும் திரும்பி நடக்கும். பக்கத்து வயல்காரர் மண்டல் பாபு ஒருநாள் வந்து, "விஜி தீதி, ஒரு பழைய நோட்டீஸ் இருந்தா கொடேன், எதுவானாலும் பர்வா நஹீ," என்று வாங்கிப் போனார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு பெங்காலியில் வாய்க்கு வந்ததைக் கத்தினார். அதுவும் பலித்தது.

பந்தலில் மறுபடி பூ வைத்தது. பூ பிஞ்சாயிற்று. இரை என்ற குற்றச்சாட்டு மான் வராத காரணத்தால் தானாகச் செத்தது. சாகுபடி அனுமதியும் பிழைத்துக்கொண்டது. 'காட்டோர வயல்களில் மான் நடமாட்டம் முற்றிலும் நின்றது' என்று மரைன் ஹில்லிலிருந்து மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. பாராட்டுக் கடிதம் வந்தது. சிவபிரகாஷ் கழுத்துப் பட்டையோடு அதை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டுக்குக் கூடுதல் பரண்களும் கூடுதல் புட்டிகளும் ஒப்புதலாயின.

அந்த மகிழ்ச்சியான வாரத்திலேயே விஜயகுமாரியை விசாரணைக்கு அழைத்தார்கள்.

"மௌன வேளையில நீ கத்தினியா?" என்றார் சிவபிரகாஷ். கழுத்தைத் திருப்ப முடியாததால் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"படிச்சேன் சார்."

"எதுக்கு அவ்வளவு சத்தமா?"

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கழுத்துப் பட்டைக்குள்ளிருந்து மன்னிப்பு வரும்போல்தான் இருந்தது. ஃபைல் மேஜை மேலேயே இருந்தது, பேனா திறந்திருந்தது. ஆனால் அந்த வியாதி இருக்கிறதே.

"மான் ஓடட்டும்னுதான் சார்."

"ஒத்துக்கிறியா?"

"இன்னும் ஒரு தடவை வேணும்னாலும் படிக்கிறேன்."

பேனா மூடியது.

முனைப்பகத்தின் நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது. ஒப்பந்த ஊழியரை நீக்கக் காரணமே சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் சொன்னது. மழுப்பவில்லை, மறைக்கவில்லை. அவள் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல், முதன்முதலாகத் தமிழிலேயே ஓர் உத்தரவு வந்தது:

'பணிக் காலத்தில் பயிரிலிருந்து மானை விரட்டிய குற்றத்துக்காக, திருமதி ரெங்கம்மாவின் மகள் செல்வி விஜயகுமாரி இன்று முதல் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.'